தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்துப்போன சின்னப் பெட்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தேன், அது பொய். அதே வகுப்பில் இரண்டாம் வருசமும் உட்கார்ந்திருந்தவனை வாத்தியார் ஒரு நாள் ஏற இறங்கப் பார்த்து, "ஏலே, ஒன்னால தரைதான் தேயுது, எந்திரிச்சுப் போ" என்றார். போனேன். ஆடு மேய்த்தேன். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தேன். இரண்டு இடத்திலும் நான் நின்ற பிறகு என்னை யாரும் தேடவில்லை. கடைசியில் ஒரு மைக் செட்டுக் கடையில் போய் ஒட்டிக்கொண்டேன். இது ஐம்பதுகளின் தொடக்கத்தில்.

கடை முதலாளி பட்டாளத்தில் வயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு சூட்டுக்கோலைக் கையில் எடுத்து ஈயம் ஒழுக ஒழுக ஒட்டவைப்பார், சட்டையில் ஒரு புள்ளி விழாது. எனக்குச் சட்டை இல்லாமல் வேலை செய்தாலும் உடம்பில் விழும். அவர் எனக்குக் கொடுத்த வேலை, மரத்தில் ஏறி ஸ்பீக்கர் குழாயைக் கட்டுவது. ஊரில் யாராவது கேட்டால் நான் ஆபரேட்டர் என்று சொல்வேன். ஏறுவதும் இறங்குவதும் தவிர எதையும் ஆபரேட் செய்ததில்லை என்பது மரத்துக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

நாலு வருசம் போனபின் தனியாகவும் அனுப்ப ஆரம்பித்தார். அப்போதுதான் கடையிலிருந்த பழைய பெட்டி என் கைக்கு வந்தது.

எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் அப்போது கரண்டு கிடையாது. கல்யாணத்துக்குப் பாட்டு வைக்கவேண்டும் என்றால் பேட்டரிதான். கிராமபோன் சாவி முறுக்கினால் சுற்றும், அதற்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் ஆம்ப்ளிபயருக்குள் இருக்கிற வால்வுகளுக்கு இருநூறு வோல்டுக்கு மேல் வேண்டும். கையில் இருப்பதோ ஆறு வோல்ட் கார் பேட்டரி. ஆறை இருநூறாக்கித் தருவதற்கு நடுவில் அந்தப் பெட்டி.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று முதலாளி எனக்குப் பலதடவை சொன்னார். எனக்குப் புரிந்ததை நான் சொல்கிறேன். கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர் ஒன்று உள்ளே இருக்கிறது. அதுதான் வோல்ட்டைக் கூட்டித் தருவது. ஆனால் அது தொட்டில் பிள்ளை மாதிரி. ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் சொன்னபடி கேட்கும். பேட்டரிக் கரண்டுக்கு ஆடத் தெரியாது, ஒரே பக்கமாகப் போகும். அதனால் வைப்ரேட்டர் என்று தைல டப்பா மாதிரி ஒரு சின்ன உருளையைச் செருகியிருப்பார்கள். அதற்குள் ஒரு இரும்பு நாக்கு, கண்மூடித் திறக்கும் முன் பத்துப் பதினைந்து தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக் கரண்டை ஆட்டிக் கொடுக்கும். காதைக் கிட்டே வைத்தால் வண்டு முனகுகிற சத்தம். டிரான்ஸ்பார்மர் கூட்டித் தந்த கரண்டும் ஆடிக்கொண்டேதான் வரும். வால்வுக்கு ஆட்டம் ஆகாது, நேராக வேண்டும். அதை நேராக்குவதற்குப் பழைய பெட்டியில் தனியாக இன்னொரு வால்வு இருந்தது.

அந்த வால்வுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. பேட்டரியின் எந்த முனையை எந்த வயரில் மாட்டினாலும் வெளியே வருவதைச் சரியான பக்கமாகத் திருப்பி அனுப்பிவிடும். நான் கிளிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவேன். பாடும். மறுதரம் மாற்றி மாட்டுவேன். அப்போதும் பாடும். இதில் என்ன பிளஸ், என்ன மைனஸ், எல்லாம் இந்தப் படித்தவர்கள் நம்மை மிரட்டுவதற்குச் சொல்வது என்று முடிவுகட்டியிருந்தேன். என் தப்பையெல்லாம் அந்த வால்வு மூடி மறைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பழைய பெட்டிக்குக் கனம் அதிகம். மாட்டு வண்டி இல்லாமல் நகராது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று முதலாளி மதுரைக்குக் கிளம்பினார். தூக்கிவர ஆள் வேண்டுமே என்று என்னையும் கூட்டிப்போனார்.

மதுரைக் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று பழையது மாதிரியே பெரிசு. இன்னொன்று வெற்றிலைப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"இதுல தனியா வால்வு கிடையாதுண்ணே" என்றார் கடைக்காரர். "உள்ள இருக்கிற நாக்கே ரெண்டு வேலையும் பாத்துரும். ஆட்டவும் செய்யும், நேராக்கவும் செய்யும்."

முதலாளி அரைமணி நேரம் கேள்வி கேட்டார். பேட்டரியை எவ்வளவு தின்னும், தொடர்ந்து ஓடினால் எவ்வளவு சூடேறும், எத்தனை வால்வைத் தாங்கும், நாக்குத் தேய்ந்தால் மாற்று உருளை கிடைக்குமா, ரேடியோவில் கரகரப்பு வருமா. கடைசியாக, "முனை மாறுச்சுன்னா?" என்று கேட்டார்.

"மாறக்கூடாதுண்ணே. மாறுனா வெளிய வர்றதும் தலகீழா வரும். இதுல திருப்பிவிட ஆளு இல்ல."

முதலாளி பெரிய பெட்டியையும் பார்த்தார், சின்னதையும் பார்த்தார். நான் என் பங்குக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"இத சைக்கிள் கேரியர்ல வச்சுக் கட்டலாமா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். முதலாளியும் சிரித்தார். சின்னப் பெட்டியை வாங்கினோம். என் கேள்வியால் வாங்கினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் திண்டுக்கல் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு அப்பா இல்லை. செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அம்மாவும் தங்கச்சியும் இருந்தார்கள். அந்த வருசம் தங்கச்சிக்குக் கீரனூர்ப் பக்கமிருந்து சம்பந்தம் வந்தது. தென்னந்தோப்பும் கிணறும் உள்ள வீடு. மாப்பிள்ளை சாது. பேச்செல்லாம் அவருடைய அப்பாதான். சம்பந்தி பேச்சில் மரியாதை சொட்டும். எங்கே அடித்தார் என்பது வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் தெரியும்.

"வேற ஒண்ணும் கேக்கலீங்க" என்றார் உறுதி செய்த அன்று. "எங்கூர்ல எல்லாக் கல்யாணத்துலயும் கொழாய் கட்டிப் பாட்டு வெச்சிருக்குதுங்க. எம் பையனுக்கும் வெச்சரோணுமுங்க. இல்லீன்னா எங்க சனம் பாவம் புள்ளையத்தானுங்க பேசும்."

அம்மா பூரித்துப்போய், "அதுக்கென்னண்ணே, எம் மகன் அந்த வேலையிலதான இருக்கான்" என்றாள்.

அவர்கள் போனபிறகு தங்கச்சி அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் பயந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று முகம் சரியில்லை.

"அண்ணே, அந்த மனுசன் எதையும் மறக்கிற ஆளா தெரியல. பாட்டு மட்டும் ஒழுங்கா ஓடிரணும். மத்ததெல்லாம் நான் அங்க போயி பாத்துக்கிறேன்."

"கீரனூரு வரைக்கும் கேக்கும் புள்ள. ஒன் மாமியா கெழவி காதப் பொத்திக்கிட்டு உக்காரும் பாரு."

"இந்தா, இந்தப் பேச்சத்தான் வேணாங்கிறேன்."

கல்யாணம் ஐப்பசியில். அதற்குப் பத்து நாள் முன்னால் ஆயுத பூசை வந்தது. வேதக்காரர் கடையில் ஆயுத பூசையா என்று கேட்பீர்கள். "ஒன் சாமிய நீ கும்புடு, பொரிகடலைய மட்டும் எனக்குக் குடு" என்பார் முதலாளி. கடையைக் கழுவி, ஆம்ப்ளிபயர், கிராமபோன், குழாய், பேட்டரி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எனக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. சூட்டுக்கோலுக்குக்கூடப் பொட்டு வைத்தேன். பேட்டரிக்கு முகம் எது என்று தெரியாமல், கைக்கு வாகாக இருந்த முனையின் தலையில் குங்குமத்தைத் தாராளமாக அப்பினேன். முனையில் தடவியிருந்த கிரீஸில் அது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, முதலாளி இரண்டு பெட்டிகளையும் எடுத்து வெளியே வைத்தார்.

"ஒன் தங்கச்சி கல்யாணம். எது வேணுமோ எடுத்துக்க. ஆனா நான் சொன்னா பெருச எடுத்துட்டுப் போன்னுதான் சொல்லுவேன்."

"பெருசுக்கு இன்னொரு வண்டி புடிக்கணும்ண்ணே."

"வண்டி நான் சொல்லிவிடுறேன்."

உண்மை என்னவென்றால், எங்கள் ஊர்த் தெருவில் சைக்கிளில் போய் இறங்கி, அந்தச் சின்னப் பெட்டியை ஒரு கையில் எடுத்து, இவ்வளவுதானா, இதிலிருந்தா இத்தனை சத்தம் என்று சம்பந்தி வீட்டார் வாயைப் பிளப்பதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. சின்னதைத் தொட்டேன்.

முதலாளி பெரிய பெட்டியை உள்ளே எடுத்து வைத்தார். பிறகு, "சரி. நல்லாக் கேட்டுக்க" என்றார். "பழசுக்கு நீ எப்படி மாட்டுனாலும் பாடும். இது பாடாது. செவப்பு வயரு செவப்பு முனையில. பேட்டரியில செவப்பு அடிச்சிருக்கும். செவப்பு தெரியலன்னா முனைக்குப் பக்கத்துல சிலுவ மாதிரி கோடு இருக்கும், தடவிப் பாரு. அதுவும் தெரியலன்னா, ரெண்டு முனையில எது தடிச்சிருக்கோ அது. மாட்டி எண்ணி பத்து எண்ணுறதுக்குள்ள சத்தம் வரலன்னா கிளிப்பக் கழட்டிட்டுக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திரு. எதையும் நோண்டாத."

சிவப்பு, சிலுவை, தடிமன். மூன்று அடையாளம் சொன்னார். மூன்றாம் வகுப்புக்காரனுக்கு மூன்று அதிகம். முதலாவதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டேன்.

ஊர் போய்ச் சேரும்போது உச்சிவெயில். பேட்டரியும் ஆம்ப்ளிபயரும் கிராமபோனும் குழாய்களும் முன்னாலேயே வண்டியில் வந்திருந்தன. வேப்பமரத்தில் ஏறி ஒரு குழாயைக் கட்டினேன். இன்னொன்றைப் பந்தல்காலில் கட்டலாம் என்று கீழேயே வைத்தேன். ஊர்ச்சனம் மொத்தமும் சுற்றி நின்றது. நாலு மணி வாக்கில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சம்பந்திக்கு நாற்காலி போட்டார்கள். அதை அவரே கொஞ்சம் திருப்பி, பெட்டியைப் பார்த்தமாதிரி போட்டுக்கொண்டார்.

என் வாழ்நாளில் முதல்முறையாக நான் பேட்டரியைக் கவனமாகப் பார்த்தேன். ஒரு முனை முழுக்க வெள்ளையும் பச்சையுமாக ஆசிட் பூத்துப்போயிருந்தது. அதற்கடியில் என்றைக்கோ அடித்த சிவப்புச் சாயம் இருந்திருக்கவேண்டும், ஆசிட் தின்றிருந்தது. இன்னொரு முனையின் தலை, பளிச்சென்று சிவப்பு. முதலாளி சொன்னது சரிதான் என்று பெருமையோடு சிவப்பு வயரை அதில் மாட்டினேன். ஏனோதானோவென்று மாட்டிய காலமெல்லாம் பாடியது. பார்த்து மாட்டிய அன்று நான் மாட்டியது என் கையால் வைத்த பொட்டில்.

பெட்டிக்குள் வண்டு முனகியது. ஆம்ப்ளிபயரில் வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அது பேட்டரியிலிருந்து நேராகப் போகிற கரண்டில் எரிவது. முனை மாறினாலும் எரியும். எனக்கு அது தெரியாது. வால்வு எரிகிறது, ஆகவே எல்லாம் சரி என்று இசைத்தட்டை வைத்து ஊசியை இறக்கினேன். கிராமபோன் சுற்றியது. குழாய் வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தது. பத்து எண்ணவில்லை. சத்தத்தைக் கூட்டுகிற குமிழைத் திருகினேன். கடைசிவரைக்கும் திருகினேன். பெட்டியைத் தட்டினேன். கருகல் வாடை வந்தது. சமையல் பக்கம் யாரோ எதையோ தீயவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்து, "ஏத்தா, அடுப்பப் பாரு!" என்றுகூடக் கத்தினேன்.

பட்டென்று வெடித்தது. ஆம்ப்ளிபயருக்குள் அலுமினியக் குப்பி மாதிரி நிற்கும் கண்டென்சர்களுக்குத் தலைகீழாகக் கரண்டு போனால் உள்ளே கொதித்து இப்படித்தான் பிளக்கும். என் சட்டை முழுக்கக் காகிதச் சுருளும் களிம்பும். சம்பந்தியின் துண்டிலும் இரண்டு பொட்டு.

"வேட்டுப் போட்டுட்டான்டா அப்பு!" என்று கூட்டத்தில் எவனோ கத்த, ஊர் சிரித்தது.

சம்பந்தி துண்டைத் தட்டினார். "ஏனுங்க மாப்ள, பாட்டு முடிஞ்சு போச்சுங்களா? ரொம்பச் சின்னப் பாட்டா இருக்குதுங்களே."

இப்போது அவர் ஆட்களும் சிரித்தார்கள். இந்த இடத்தில் நான் கிளிப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். "மன்னிச்சுக்கங்க மாமா, மிசினு கெட்டுப்போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாயனக்காரர் இரண்டு பேர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். ஊதச் சொல்லியிருந்தால் ஊதியிருப்பார்கள். செத்த நேரத்தில் எல்லாரும் மறந்து பந்திக்குப் போயிருப்பார்கள்.

ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தை என் பக்கமாகத் திருப்பாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். கீழே கிடந்த குழாயை எடுத்தேன். பின்னால் இருந்த, சத்தம் எழுப்புகிற யூனிட்டைத் திருகிக் கழற்றினேன். வெறும் தகரக் குழாயின் சின்ன வாயில் என் வாயை வைத்து, கூத்துக்காரன் ராகத்தில் எடுத்துவிட்டேன்:

"மாப்ள வீட்டு மாமா வந்தாரு,
மைக்குச் செட்டு எங்கேன்னாரு;
மைக்குச் செட்டு செத்தே போச்சு,
மாமா வாயே கொழாயாச்சு!"

எங்கள் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பொடிசுகள் அந்த நிமிசமே பாட்டைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாடின. நான் இரண்டாம் அடிக்கு மூச்சு இழுத்தபோதுதான் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை என்பது தெரிந்தது. சம்பந்தியின் சம்சாரம் தன் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சம்பந்தி எழுந்தார். சத்தம் போடவில்லை. "என்னைய என்ன வேணாச் சொல்லுங்க, பரவால்லீங்க. கல்யாண ஊட்ல, பந்தலுக்குக் கீழ நின்னுட்டு, பொண்ணோட அண்ணன் வாயில வர்ற சொல்லுங்களா அது?"

அப்போதுதான் 'செத்தே போச்சு' என்று நான் சொன்ன சொல் என் காதிலேயே விழுந்தது. மைக் செட்டைத்தான் சொன்னேன். ஆனால் மணப்பந்தலில் சொன்னேன், குழாய் வழியாகச் சொன்னேன். அம்மா ஓடிவந்து என் முதுகில் அறைந்தாள். பிறகு சம்பந்தி முன்னால் போய், "அண்ணே, அவன் வாய்க்கொழுப்புப் புடிச்சவன், கணக்குல வச்சுக்காதீக" என்று கும்பிட்டு நின்றாள். நான் வீட்டு வாசலைப் பார்த்தேன். தங்கச்சி மருதாணிக் கையோடு நிலையில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை தாலி ஏறியது. யாரும் தகராறு செய்யவில்லை. சம்பந்தி எல்லாரிடமும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார். தெரு முக்குத் திரும்பும்போது பொடிசுகள் "மாமா வாயே கொழாயாச்சு" என்று பாடிக்கொண்டே கொஞ்சதூரம் கூட ஓடின.

கடைக்கு வந்ததும் முதலாளி பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் பேட்டரியைப் பார்த்தார். சிவப்பு முனையை விரலால் தேய்த்து, விரலை மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"ஏலே, இது குங்குமம்ல?"

"ஆமாண்ணே."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பழந்துணியை எடுத்து இரண்டு முனைகளையும் துடைத்தார். ஆசிட் பூத்த முனைக்குப் பக்கத்தில் சிலுவை மாதிரி கோடு தெளிவாகத் தெரிந்தது. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். கண்டென்சர்களை மாற்றி, அன்றைக்குச் சாயங்காலமே அந்தச் செட்டைப் பாடவைத்துவிட்டார். பாடியபோது நான் கடைக்குள் இருக்க முடியாமல் வெளியே வந்து நின்றேன்.

தலைதீபாவளிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்க அம்மாவும் நானும் போனோம். சம்பந்தி காப்பி கொடுத்தார். "அனுப்பறதுக்கென்னங்க. உங்க ஊட்டுப் பையன் நல்ல நாள்ல இன்னொரு பாட்டுக் கட்டிப்போட்டா நாங்க எங்கீங்க போறது?" என்றார். அனுப்பவில்லை. அம்மா புதுச்சேலையைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் செம்பட்டி வரைக்கும் காலிப் பையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருசம் அந்த வீட்டில் மாமியார் காய்ச்சலில் இறந்துபோனார். கேதத்துக்குப் போனபோது யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்சியிடம் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், மாட்டுத் தொழுவத்தில், சோறு போடும்போது. அவள் அண்ணன் பந்தலில் சொன்ன சொல்தானே பலித்தது என்று. ஏற்றக் காளை நொண்டினால் அந்தச் சொல். மழை தப்பினால் அந்தச் சொல். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. வெள்ளரிக்காய் விற்க வந்த கீரனூர்க்காரி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு பைத்தியக்கார யோசனை இருந்தது. சின்னப் பெட்டியை எடுத்துப்போய் அவர்கள் தெருவில் குழாய் கட்டி ஒரு நாள் முழுக்கப் பாட்டுப் போட்டுவிட்டு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று. முதலாளியிடம் சொன்னேன்.

"மிசினு கெட்டதுக்கு மிசினு போதும். நீ பேசுனதுக்கு என்னத்த எடுத்துட்டுப் போவ?" என்றார்.

அறுபதுகளில் கீரனூர்ப் பக்கம் கிணறுகளுக்குக் கரண்டு வந்தது, வீடுகளுக்கும் வந்தது. பேட்டரியும் வேண்டாம், ஆட்டுகிற நாக்கும் வேண்டாம். சுவரில் செருகினால் பாடும். தங்கச்சியின் மூத்த பையனுக்குக் காது குத்தினார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். அதற்கு என்னை விட்டால் ஆளில்லை. அழைத்தார்கள். மைக் செட்டுக்குப் பழனியிலிருந்து வேறு கடைக்காரனைச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

உட்காரும் முன்னால் தங்கச்சி என்னைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போனாள். மெலிந்திருந்தாள்.

"அண்ணே, ஒரு வார்த்த சொல்லுறேன், கோவிச்சுக்காத. பாட்டு வராததுக்கு இங்க யாரும் ஒண்ணும் சொல்லல. அத அன்னைக்கே மறந்துட்டாங்க. நீ பாடுனதுதான் எனக்கு இன்னமும் ஓடுது. இன்னைக்கு ஒருநாளு வாயத் தொறக்காம இருந்துருண்ணே."

"தொறக்க மாட்டேன் புள்ள."

"சாப்பிடத் தொற" என்றாள். அவள் என்னோடு கேலி பேசி எத்தனையோ வருசமாயிருந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தலையை ஆட்டினேன்.

பையன் மடியில் உட்கார்ந்து, ஆசாரியின் கையில் ஊசியைப் பார்த்ததும் வீறிட்டான். சம்பந்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களையெல்லாம் ஊர்ப் பேரோடு வரவேற்றுக்கொண்டிருந்தார். குழாயில் அவர் குரல் நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று என் பக்கம் வந்து மைக்கை நீட்டினார்.

"தாய்மாமனுங்க ரெண்டு வார்த்த பேசட்டுமுங்க. பாடுனாலும் சரிங்க. இப்பத்தான் கரண்டு இருக்குதுங்களே."

கூட்டம் சிரித்துக்கொண்டே காத்திருந்தது. என் வாயில் நாலு பதில் வரிசையாக வந்து நின்றது. நாலும் நல்ல பதில். ஒவ்வொன்றுக்கும் அந்தத் தெருவே உருண்டிருக்கும். தங்கச்சி தூணோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பையன் அழுததெல்லாம் மைக்கில் விழுந்து, அவன் அழுகை வேப்பமரம், தோப்பு, கிணறு எல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு காதும் குத்தி முடிகிற வரைக்கும் வைத்திருந்துவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் கூட்டத்தின் முன்னால் நான் ஒழுங்காக நடந்துகொண்டது அந்த ஒரு தடவைதான். முதலாளி அங்கே இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

பந்தி முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பினேன். தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோப்பு வரைக்கும் வந்தாள்.

"பாத்தியா, வாயத் தொறக்கலல்ல?" என்றேன்.

"பாத்தேன்."

"இனிமே ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டாகல்ல?"

அவள் பையனின் காதில் ஒட்டியிருந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றினாள்.

"உள்ள பேசிக்கிட்டாங்கண்ணே. தாய்மாமன் மடியில பிள்ளைய வச்சுக்கிட்டு ஒரு நல்ல வார்த்தகூடச் சொல்லாம உம்முன்னு உக்காந்திருந்தாரு, மனசுல என்ன நெனச்சாரோன்னு."

பஸ் வந்துவிட்டது. அவள் கை காட்டி நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு அந்த வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.